கடைசி வண்டி சொன்ன அரோகரா

வண்டி என் மேல் கிடந்தது. இடது கால் அதற்கு அடியில். எழுந்திருக்க முடியவில்லை. பெட்ரோல் சொட்டுகிற சத்தம் காதுக்குப் பக்கத்திலேயே கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டே, "முருகா, உன்னை விட்டால் எனக்கு ஆள் இல்லை" என்று சொன்னேன். எல்லாரும் சொல்கிற வார்த்தைதான். அன்றைக்கு அது அப்படியே உண்மையாக இருந்தது. எனக்குப் பின்னாலேயே வருவேன் என்று வாக்குக் கொடுத்த ஆள் என்னைத் தாண்டிப் போய், நானும் வந்து சேர்ந்துவிட்டதாக எல்லாரிடமும் சொல்லிவிட்டிருந்தார்.

தணிகை மலையானை நம்புகிற உங்களுக்கு இதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. வரிசையாகவே சொல்கிறேன். எனக்கு அப்படித்தான் பழக்கம். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனை பார்க்கிறேன். பெயர் யமுனா. ஊர் திருத்தணி. வீட்டில் தெலுங்கும் தமிழும் கலந்துதான் பேசுவோம். அப்பா எனக்கு நைனா, அக்கா வீட்டுக்காரர் சேகர் எனக்குப் பாவா.

ஊரில் எங்களுக்கு ஒரு வண்டிக் குழு இருக்கிறது. மயில்வண்டி என்று பெயர். கிருத்திகையை ஒட்டி வரும் ஞாயிறுகளில் சேர்ந்து சுற்றிவிட்டு, கடைசியில் மலைமேல் போய்க் கும்பிடுவோம். வேறொரு நாள் கனகம்மாசத்திரம் டீக்கடையில் உட்கார்ந்து அவரவர் வண்டிக் கதையைப் பேசுவோம். எந்தத் திருப்பத்தில் செயின் கழன்றது, எந்த மழையில் பிளக் நனைந்தது, இதெல்லாம்தான். டயர் கடை வைத்திருக்கும் முனிரத்தினம் அண்ணன்தான் எங்களுக்கு முன்வண்டி.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எங்காவது நிறுத்தினால் முனிரத்தினம் அண்ணன் "வெற்றிவேல் முருகனுக்கு!" என்று கூப்பிடுவார். கடைசி வண்டிக்காரர் மட்டும் "அரோகரா!" என்று பதில் சொல்வார். 'எனக்குப் பின்னால் யாரும் இல்லை, எல்லாரும் வந்தாச்சு' என்று அதற்கு அர்த்தம். அந்தச் சொல் வந்தால்தான் குழு நகரும். வந்த பிறகு யாரும் தலையை எண்ண மாட்டார்கள். ஒருமுறை நான், "எண்ணியும் பார்க்கலாமே அண்ணா" என்றேன்.

"சாமி பேரச் சொன்னப்புறம் இன்னாத்துக்கும்மா எண்றது? உங்க கம்பெனில போல்ட் எண்ற மாதிரியா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

சேகர் பாவாதான் எங்கள் கடைசி வண்டி. அவரால்தான் எனக்கு வண்டியே கிடைத்தது. பெண்பிள்ளைக்கு இவ்வளவு கனமான வண்டி எதற்கு என்று நைனா மறுத்தபோது, "நான் பின்னாலயே வந்துகினு இருப்பேன் மாமா. அவ விழுந்தா மொதல்ல என் வண்டிதான் நிக்கும்" என்று சொன்னவர் அவர். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நைனா ஒப்புக்கொண்டார்.

போன ஆடிக் கிருத்திகைக்கு முந்தின ஞாயிறு. பள்ளிப்பட்டைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் போய், மலையை ஒட்டிய குறுகலான சாலை வழியாகத் திருத்தணிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் ஒரு கூட்டம் புஷ்பக் காவடி எடுத்துக்கொண்டு நடந்து வந்தது. ஆந்திராவிலிருந்து நம் மலைக்கு நடந்தே வருகிறவர்கள். முன்னால் போன வண்டிகள் சர்ரென்று போய்விட்டன. தூசி அவர்கள்மேல் விழுமே என்று நான் இரண்டாவது கியருக்கு இறக்கி மெதுவாகப் போனேன். பின்னால் பாவா ஹாரன் அடித்துப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் வந்தார்.

"இன்னா யமுனா, நீயும் காவடி எடுத்துகினு நடக்கிறியா? முன்னாடி வீடியோ எடுக்கணும், வழி விடு" என்றார். கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

கடைசி வண்டி யாரையும் முந்தக் கூடாது. அது அவருக்குத் தெரியும். அடுத்த திருப்பத்தில் நிற்பார் என்று நினைத்தேன்.

நடந்து வந்தவர்களைத் தாண்டிச் சிறிது தூரம் வந்ததும் ஒரு வளைவு. அங்கே லாரியிலிருந்து கொட்டின ஜல்லி சாலையெல்லாம் பரவிக் கிடந்தது. முன் சக்கரம் வழுக்கியதுதான் எனக்குத் தெரியும். சாலையை விட்டு, கீழே வறண்ட ஓடைக்குள், முள்ளுக்குள் போய் விழுந்தேன்.

மூச்சு வரவில்லை. ஆனால் மனம் தன் வழக்கப்படி பரிசோதனையை ஆரம்பித்துவிட்டது. கழுத்து அசைகிறதா? அசைகிறது. கை விரல்? எல்லாம் அசைகிறது. இன்ஜின்? அணைந்துவிட்டது, சாவியையும் திருப்பினேன். கால்? கிராஷ் கார்டு தாங்கியதால் நசுங்கவில்லை, மாட்டிக்கொண்டிருக்கிறது. கணுக்காலில் மட்டும் ஏதோ உடைந்திருக்கிறது. போன்? டேங்க் பையோடு எகிறிப் போய் முள்ளில் தொங்குகிறது, எட்டாது. சைலன்சர் கொதிக்கிறது. டேங்க் மூடியிலிருந்து பெட்ரோல் அதன் பக்கமாகச் சொட்டுகிறது. இந்தக் கடைசி இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

அந்தச் சாலை மலையை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு எதிரே ஏரிக்கரைக்குப் போகிறது. வண்டியில் போனால் நேரமாகும். காதுக்குக் கிட்டத்தில்தான். வண்டிகள் அங்கே ஒவ்வொன்றாக நிற்பது கேட்டது. இன்ஜின்கள் அணைந்தன. இப்போது அண்ணன் கூப்பிடுவார், பதில் வராது, தேடி வருவார்கள். எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது.

"வெற்றிவேல் முருகனுக்கு!"

"அரோகரா!"

பாவாவின் குரல். எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில் தினமும் கேட்கிற குரல்.

கத்தினேன். மூச்சும் சரியாக இல்லை, தலையில் ஹெல்மெட். என் சத்தம் எனக்குள்ளேயே முட்டியது. அதற்குள் எல்லா வண்டிகளும் ஸ்டார்ட் ஆகிவிட்டன. சத்தம் தேய்ந்து தேய்ந்து நின்றுபோனது.

விழுந்ததற்கு நான் அழவில்லை. அந்த அரோகராவுக்குத்தான் அழுதேன். முருகன் பெயரை வைத்தே என்னை இல்லாமல் ஆக்கிவிட்டார்களே என்றுதான் இருந்தது. இனி யாரும் வரமாட்டார்கள். காவடிக்காரர்களும் கிளைச் சாலையில் பிரிந்து பெரிய ரோட்டுக்குப் போயிருப்பார்கள். அப்போதுதான் ஆரம்பத்தில் சொன்ன அந்த வார்த்தையை முருகனிடம் சொன்னேன்.

ஹெல்மெட்டைக் கழற்றினேன். "காப்பாத்துங்க" என்று கத்த நினைத்துத்தான் வாயைத் திறந்தேன். ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, வாயில் வந்தது வேறு.

"வெற்றிவேல் முருகனுக்கு!"

பதில் இல்லை. பெட்ரோல் சொட்டியது. மறுபடியும் கூப்பிட்டேன். தொண்டை கிழிகிற மாதிரி மறுபடியும். எத்தனை முறை என்று தெரியாது.

"ஹரோ ஹரா!"

ஒரு குரல் இல்லை. பெரிய கூட்டத்தின் குரல். அதே காவடிக்காரர்கள்! மறுபடியும் கூப்பிட்டேன். இன்னும் பக்கத்தில், இன்னும் உற்சாகமாக, "ஹரோ ஹரா!" யாரோ ஒரு பக்தர் முன்னால் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள் பாவம். ஆடிப் பாடி, சந்தோஷமாகப் பதில் சொல்லிக்கொண்டே, என் தலைக்கு மேலே சாலையில் என்னைத் தாண்டியும் போய்விட்டார்கள்! நான் கூப்பிட, அவர்கள் பதில் சொல்ல, அவர்கள் தூரமாகிக்கொண்டே போக, அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

ஒரு அம்மா மட்டும் நின்றுவிட்டார். சாலை ஓரத்துக்கு வந்து எட்டிப் பார்த்தார். "எவரம்மா கிந்த நுஞ்சி பிலிச்சேதி?" என்றார். கீழேயிருந்து கூப்பிடுவது யாரம்மா என்று கேட்டவரின் பெயர் ரமணம்மா என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

காவடியைத் தரையில் வைக்கக் கூடாது. ஆகவே அவர் கூவி அழைத்ததும் திரும்பி வந்த ஆண்கள் தங்கள் காவடிகளைப் பெண்களின் தோளுக்கு மாற்றிவிட்டு இறங்கினார்கள். ரமணம்மாவின் இரண்டு தோளிலும் காவடி. அப்படியே மேலே நின்று எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தார். ஒருவர் காதில் செருகியிருந்த பீடியை எடுத்து வாயில் வைத்ததைப் பார்த்து, "அன்னா, பீடீ ஒத்து! பெட்ரோலு!" என்று, பீடி வேண்டாம் எனத் தெலுங்கில் அலறினேன். அவர் பீடியைத் தூக்கி எறிந்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பெட்ரோல் மேல் மண்ணை அள்ளிப் போடச் சொன்னேன். ஹேண்டிலை இழுக்காமல், கிராஷ் கார்டையும் பின் கம்பியையும் ஒரே நேரத்தில் தூக்கச் சொன்னேன். அதற்கும் அவர்கள் ஒரு ஹரோ ஹரா போட்டார்கள். வண்டி எழுந்தது. என் கால் வெளியே வந்தது.

என்னைச் சாலைக்குத் தூக்கி வந்து நிழலில் படுக்க வைத்தார்கள். முள்ளிலிருந்து போனை எடுத்துக் கொடுத்தார்கள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுப் பார்த்தேன். குழுவில் பாவா போட்ட குரல் பதிவு ஒன்று வந்திருந்தது.

"முனி அண்ணே, யமுனா பள்ளிப்பட்டாண்டயே திரும்பிட்டா. தலவலியாம். நாம போய்க்கினே இருக்கலாம்."

அதற்குக் கீழே இன்னொருவர் பதிவு, சிரிப்போடு: "ஆங், ஸ்கூட்டி பார்ட்டிங்களக் கூட்டினு வந்தா இப்டித்தான்!"

அதாவது, நான் இல்லை என்பது பாவாவுக்குத் தெரிந்துவிட்டிருந்தது. தெரிந்த பிறகும் திரும்பி வரவில்லை. முதலில் சொன்ன பொய்யைக் காப்பாற்ற இரண்டாவது பொய்.

ரமணம்மாவின் மடியில் தலையை வைத்துக்கொண்டு, "எல்லாரும் தாண்டிப் போனபோது நீங்கள் மட்டும் ஏன் நின்றீர்கள்?" என்று தெலுங்கில் கேட்டேன். என்ன கேள்வி இது என்பதுபோலப் பார்த்தார்.

"ஹரோ ஹரா அண்டே, வச்சினட்டே கதா தல்லி?" என்றார்.

கூப்பிட்ட குரலுக்கு அரோகரா சொல்லிவிட்டால் வந்த மாதிரிதானே அம்மா என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அது அவர் சொன்னதாகத் தோன்றவில்லை.

கணுக்காலில் மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தேன். கால் வலி பெரிதில்லை. நான் யாரிடமும் சொல்லாமல் தனியாகப் பிரிந்து போய் விழுந்ததாக நைனா நம்பிக்கொண்டிருந்தார். பாவா அவரிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார், அது மூன்றாவது பொய். "அவர் பின்னால வந்தாரு, நீதான் ஏமாத்திட்டுப் போன" என்று சொல்லி நைனா வண்டிச் சாவியை எடுத்து வைத்துக்கொண்டார். நடந்ததை அக்காவிடம் சொன்னேன். அக்கா அழுதாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நைனாகிட்ட மட்டும் சொல்லாதடி. என் வீட்ல நிம்மதி போயிடும்" என்றாள். என் வார்த்தைக்கு என் வீட்டிலேயே இடம் இல்லாமல் போனது. ஓடையில் கிடந்தபோதுகூட நான் இவ்வளவு தனியாக இல்லை.

கட்டுப் பிரிக்கும்வரை அக்காவுக்காகப் பொறுத்திருந்தேன்; அதற்கு மேல் முடியாமல், குழு கூடும் நாளில் நைனாவை அழைத்துக்கொண்டு கனகம்மாசத்திரம் டீக்கடைக்குப் போனேன். போகும் முன் மலையைப் பார்த்து ஒன்று மட்டும் கேட்டேன். "முருகா, நான் கத்தாமல் பேச வேண்டும்."

பாவா அந்த ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தைத்தான் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு என் கதையைச் சொன்னேன். தூசி, ஜல்லி, ஓடை, பெட்ரோல், ஏரிக்கரையிலிருந்து கேட்ட இரண்டு குரல்கள். வரிசையாகச் சொன்னேன். யாரையும் திட்டவில்லை. என் குரல் உயரவில்லை. அதுவும் அவன் கொடுத்ததுதான்.

யாரும் டீயைத் தொடவில்லை. முனிரத்தினம் அண்ணன் பாவாவைப் பார்த்தார்.

"சேகரு, நீ அரோகரா சொல்லும்போது பின்னால திரும்பிப் பாத்தியா?"

பாவா டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "வாயில வந்துடுச்சுண்ணே. அப்புறம் எப்டித் திருப்பறதுன்னு தெரியல."

"வாயில வந்தத வுடு. வண்டியத் திருப்பத் தெரியாதா உனுக்கு?"

நைனா எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். வீட்டுக்கு வந்ததும் வண்டிச் சாவியைக் கொண்டு வந்து முருகன் படத்து ஆணியில் மாட்டினார்.

இப்போது மயில்வண்டியின் கடைசி வண்டி நான்தான். அண்ணனே சொன்னார். தை மாதக் கிருத்திகைக்கு அதே சாலையில் போனோம். பாவாவும் வந்தார், எனக்கு முன்னால். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் மன்னித்துவிட்டேன் என்று இங்கே பொய் எழுதப் போவதில்லை. அது ஆறவில்லை. ஆனால் அவர் விழுந்தால் முதலில் நிற்பது என் வண்டிதான். அதைப் பெருந்தன்மை என்று யாரும் நினைக்க வேண்டாம். கடைசி வண்டியின் வேலை அது.

என்னைப்போல ஏமாந்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். பின்னாலேயே வருவேன் என்றவர் முன்னால் போயிருப்பார். நீங்கள் விழுந்து கிடக்கும்போது நீங்கள் வந்துவிட்டதாக ஊரிடம் சொல்லியிருப்பார். மனதுக்குள்ளேயே புழுங்காதீர்கள். வாய்விட்டுத் தணிகையானைக் கூப்பிடுங்கள். முதல் குரலுக்குப் பதில் வராமல் போகலாம். பதில் உங்களைத் தாண்டிப் போவது போலக்கூட இருக்கலாம். நிறுத்தாதீர்கள். எட்டிப் பார்க்க ஒருவரை அவன் நிறுத்துவான்.

அந்தத் தைக் கிருத்திகைப் பயணத்தில், அதே ஏரிக்கரையில் எல்லாரும் வண்டியை நிறுத்தினார்கள். அண்ணன் கூப்பிட்டார். நான் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தேன். அந்த ஓடையை, அந்த வளைவை, நன்றாகப் பார்த்தேன். யாரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் சொன்னேன்.

அரோகரா.