திண்டிவனத்தில் பொரித்த இத்தாலியன் ஹாட் டாக்

நியூ ஜெர்சியில் எங்கள் தெருமுனைக் கடையில் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கே வரிசை நின்றுவிடும். வட்டமான தடித்த ரொட்டியைப் பாதியாக வெட்டி, பை மாதிரி பிளந்து, உள்ளே கடுகு விழுது தடவி, கறியை அரைத்து அடைத்து எண்ணெயில் பொரித்த இரண்டு சாசேஜ், வதக்கிய குடமிளகாய், வெங்காயம், எல்லாவற்றுக்கும் மேல் பொரித்த உருளைக்கிழங்கை அள்ளித் திணித்துக் கொடுப்பார்கள். பெயர் இத்தாலியன் ஹாட் டாக். இத்தாலியில் போய்க் கேட்டால் யாருக்கும் தெரியாதாம். பிழைக்க வந்த இத்தாலிக்காரர்கள் இந்த ஊரில் உண்டாக்கியது. கோட்டு போட்ட பெரிய மனிதர்கள்கூடச் சட்டையில் சிந்தச் சிந்த நின்றுகொண்டே தின்பார்கள். சோற்றுக்குள் சோற்றை வைத்துத் தின்கிறார்களே என்று வந்த புதிதில் எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

மூன்றாம் வருடம் அந்தக் கடையிலேயே வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி பெயர் சால். முதல் நாள் ஒரு பெரிய வாணலியைக் காட்டி, "ஃப்ரை த பெப்பர்ஸ்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். பெப்பர் என்றால் எனக்கு மிளகு. அலமாரியில் இருந்த மிளகு டப்பாவை அப்படியே எண்ணெயில் கவிழ்த்து வறுத்தேன். கடையே தும்மியது. ஓடி வந்த சால் ஒரு குடமிளகாயை என் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, "திஸ் இஸ் பெப்பர்!" என்றார். "நோ சார், தட் இஸ் கேப்சிகம்" என்றேன். அதை ஏதோ தமிழ் வார்த்தை என்று நினைத்துக்கொண்டு ஒரு வாரம் என்னைக் கேப்சிகம் என்றே கூப்பிட்டார். ஆனால் வேலையை விட்டு அனுப்பவில்லை. அந்த வருடமே வீட்டிலும் அதைச் செய்யப் பழகினேன். என் மகள் நிலாவுக்குப் பல் முளைத்ததிலிருந்து ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அதுதான் சாப்பாடு.

நான் பெருமுக்கல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். பெயர் ஸ்டெல்லா. எங்களுக்கு நிலம் கிடையாது. அம்மா ஊரார் நிலங்களில் களை எடுக்கவும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கவும் போவார். மதியம் நிலத்துக்கார வீட்டம்மா கூழைத் தூக்கி ஊற்ற, அம்மா தூக்குச்சட்டியைத் தாழ்த்திப் பிடிப்பார். இரண்டு பாத்திரங்களும் தொட்டுக்கொள்ளாது. பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போய் அதைப் பார்த்திருக்கிறேன். என் கணவர் செல்வம் கிளியனூரில் சொந்த நிலம் வைத்து விவசாயம் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். புதுச்சேரியில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தபோது பழகினோம். பெற்றவர்கள் போன பிறகு அவரை வளர்த்தது அக்கா கல்யாணி, விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டவர். எங்கள் கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. நிலா பிறந்த பிறகு மனசு இளகி என்னை வீட்டுக்குள் கூப்பிட்டார், இலை போட்டுப் பரிமாறினார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுகிறேன். ஆனால் திண்டிவனத்தில் அம்மா இருக்கும் இரண்டு அறை வீட்டுக்கு அவர் வந்தால் காரை விட்டு இறங்கமாட்டார். கண்ணாடியை இறக்கி நலம் விசாரித்துவிட்டுப் போய்விடுவார்.

போன கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தபோது நிலாவுக்குப் பத்து வயது முடிந்தது. யாரையும் கேட்காமல் அவளே அத்தைக்குப் போன் போட்டாள். என் அம்மாவை அவள் ஆயா என்றுதான் கூப்பிடுவாள். "புதன்கிழமை என் பர்த்டே. ஆயா வீட்ல இத்தாலியன் ஹாட் டாக். நீங்க வரணும் அத்தை." அந்தப் பக்கத்திலிருந்து "வர்றேன் கண்ணு" என்று கேட்டது.

செல்வத்துக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. "ஒரு ஓட்டல்ல ஹாலு புடிச்சிடலாம் ஸ்டெல்லா. பொதுவா இருக்கும். அக்காவுக்கும் சங்கடம் இல்ல."

"சங்கடம் அவங்களுக்குன்னா எங்க அம்மாவுக்கு இன்னாங்க?" என்றேன். "இங்கதான் நடக்கும். அம்மா கையாலதான் நடக்கும்."

அம்மாவே தயங்கினார். "எதுக்கு பேஜாரு? நீ அமெரிக்காக்காரி, நீ செஞ்சி நீயே குடு. நான் பின்னால ஒக்காந்துக்கினு வெங்காயம் உரிக்கிறேன்." நான் அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை.

முதல் தடை ரொட்டி. தெருவிலிருந்த பேக்கரிக்காரர் நான் கேட்ட அளவைக் கையால் காட்டிப் பார்த்தார். "இவ்ளோ பெருசா? சக்கரை போடாமலா? நோயாளிக்கா மேடம்?" என்றார். கடைசியில் மாவை நான் பிசைந்து எடுத்து வருவது, அவர் சுட்டுத் தருவது என்று முடிவானது. நியூ ஜெர்சிக் கணக்கில் ஈஸ்ட் போட்டு மூடி வைத்தேன். திண்டிவனத்து வெயிலில் அது ஒரு மணி நேரத்தில் குண்டானைத் தாண்டி வழிந்து தரையைப் பிடித்தது. சுட்டதும் கள்ளு வாசனை. அடுத்த நாள் ஈஸ்ட்டைப் பாதியாக்கினேன், ரொட்டி கல்லாகிவிட்டது. மூன்றாம் நாள் விடியற்காலையில் ஐஸ் தண்ணீர் விட்டுப் பிசைந்தேன். பேக்கரிக்காரர் தட்டை வெளியே இழுத்து, ஒன்றைத் தட்டிப் பார்த்து, "வந்துடுச்சி மேடம்" என்று என்னைவிடச் சந்தோஷப்பட்டார்.

சாலின் கடையில் மாட்டிறைச்சி சாசேஜ். இங்கே புதுச்சேரியிலிருந்து கோழி சாசேஜை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தோம். மஞ்சள் கடுகு விழுது கிடைக்காததால் அம்மா நம் கடுகையே வினிகரில் ஊறவைத்து அரைத்தார். ஒரு துளி நாக்கில் வைத்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. கிழங்கைப் பொரிக்க மல்லாட்டை எண்ணெய்.

புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு அண்ணி வந்தார். காரை விட்டு இறங்கினார். செருப்பைக் கழற்றினார். பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, பரிசுப் பையை மடியில் வைத்துக்கொண்டார். அம்மா தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

"வேணாங்க, எனக்கு இன்னிக்கு விரதம்" என்றார் அண்ணி. "பச்சத்தண்ணிகூடக் குடிக்கக்கூடாது."

அம்மா சொம்பை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் சமையலறைக்குப் போனார். செல்வம் தரையைப் பார்த்தார். இவ்வளவுதானா என்று நினைத்தேன். நிலாவுக்குத்தான் எதுவும் புரியவில்லை.

"விரதம்னா என்ன அத்தை?"

"சாமிக்காகச் சாப்பிடாம இருக்கறது கண்ணு."

"எப்போ முடியும்?"

அண்ணி மூன்று மணிக்குக் கிளம்புவதாக முன்னரே சொல்லியிருந்தார். அதனால் தைரியமாகச் சொன்னார்: "சாயந்தரம் ஆறு மணிக்கு வெளக்கு வச்சாத்தான்."

"ஓகே. அப்போ நாமளும் ஆறு மணி வரைக்கும் வெயிட் பண்ணலாம்" என்றாள் நிலா. "ஹாட் டாக்கைச் சூடா சாப்பிடணும். எல்லாரும் ஒண்ணாத்தான் சாப்பிடணும்."

"ஐயோ, பொறந்தநாள் அதுவுமா கொழந்த பட்டினி கெடக்கக் கூடாது. நீங்க சாப்பிடுங்க" என்றார் அண்ணி.

எழுந்து போய் அடுப்பை அணைத்தேன். "பரவால்ல அண்ணி. அவ சொல்றது சரிதான். நாங்க இருக்கோம்" என்றேன்.

அந்த ஆறு மணி நேரத்தை நான் மறக்கவே மாட்டேன். நிலாவுக்கு மட்டும் ஒரு டம்ளர் பால். மூன்று மணி ஆனது. அண்ணி கைப்பையை எடுத்தார், நிலாவைப் பார்த்தார், மறுபடி கீழே வைத்தார். நான்கு மணிக்கு மின்சாரம் போனது. வேர்த்துக் கொட்டியதும் காற்று வரும் பின்வாசலுக்கு நாற்காலியை அவரே தூக்கிக்கொண்டு போனார். அங்கே அம்மா முறத்தை வைத்துக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பிறகு அண்ணியின் குரல் கேட்டது: "முட்டி வலிக்கு இன்னா பண்றீங்க?" அம்மா தைலத்தின் பெயரைச் சொன்னார். எட்டிப் பார்த்தபோது அண்ணி கையிலும் ஒரு வெங்காயம் இருந்தது.

ஆறு மணிக்கு அம்மா விளக்குப் பொருத்தினார், சிலுவைப் படத்துக்கு முன்னால். அண்ணி எழுந்து நின்று கும்பிட்டார். நான் எண்ணெயைக் காயவைத்தேன். ரொட்டியைப் பிளந்து, கடுகு தடவி, சாசேஜ் அடுக்கி, குடமிளகாய் வெங்காயத்தைப் பரப்பி, கிழங்கைத் திணித்து அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா அதைத் தட்டில் வைக்கப் போனார். அதற்குள் அண்ணி இரண்டு கைகளையும் நீட்டி நேராக வாங்கிக்கொண்டார். அம்மாவின் விரலும் அவர் விரலும் ஒரே ரொட்டியின் மேல் இருந்தன.

ஒரு வாய் கடித்தார். கிழங்கு புடவையில் கொட்டியது. கடுகு ஏறி மூக்கைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தோம்.

"நல்லாத்தான் இருக்கு. காரம் பத்தல" என்றார். பிறகு அம்மா பக்கம் திரும்பி, "மொளகாத்தூள் இருக்கா அத்தே?" என்றார்.

எங்களுக்குக் கல்யாணமான இந்தப் பதினொரு வருடங்களில் அம்மாவை அவர் முறை சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அம்மா ஓடிப்போய் டப்பாவையே கொண்டுவந்தார். செல்வம் முகம் கழுவப் போகிறேன் என்று குளியலறைக்குள் போய் வெகுநேரம் வரவில்லை. விளக்கு வைத்ததும் கோழி தின்னும் விரதம் எந்தச் சாமிக்கு என்று எனக்குத் தெரியாது. அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நாங்கள் நியூ ஜெர்சிக்குத் திரும்பிவிட்டோம். போன ஞாயிறு காலை, அங்கே சாயந்தரம், அண்ணி வீடியோ காலில் வந்தார். "ரொட்டிய அந்த பேக்கரியிலேயே சொல்லி வாங்கியாந்துட்டோம். சாசேஜ் வெடிக்குது, ஜல்தி சொல்லு" என்றார். தீயைக் குறைக்கச் சொன்னேன். போன் திரும்பியபோது விழுப்புரத்து அடுப்பங்கரையில், அவருக்குப் பக்கத்தில், கரண்டியோடு அம்மா நின்றுகொண்டிருந்தார். அந்த வீட்டு வாசற்படியை அம்மா மிதித்தது எப்போது என்றுகூட எனக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு பேரும் எண்ணெய் எவ்வளவு என்று வாதாடிக்கொண்டே போனை மறந்துவிட்டார்கள். திரை நிறைய அந்தச் சமையலறை. அதன் மூலையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் நியூ ஜெர்சியின் காலை வெளிச்சமும், என் முகமும்.