மாதா சிலையின் தாய் அச்சு

மதலேனா அக்காவுக்கு ஒரு பைத்தியம் உண்டு. ஆங்கிலச் சொல் எதைக் கண்டாலும் அது பிறந்த இடத்தைத் தேடுவார். புதுச்சேரியில் பிரெஞ்சோடு பள்ளி படித்தவர். விருத்தாசலத்துக்கு வாக்கப்பட்டு வந்து பீங்கான் பொம்மை செய்தும் அது விடவில்லை. சூளை ஆறும்வரை கைப்பேசியும் கையுமாகவே இருப்பார். பக்கத்துக் கொட்டகையில் கிண்ணம் வார்க்கும் நான்தான் கேட்டுத் தொலைக்க வேண்டும்.

கிறிஸ்துமஸ் குடிலுக்கு அவர் செய்யும் மாதா சிலைகளைப் புதுச்சேரிக் கடை ஒன்று வருஷா வருஷம் வாங்கும். அந்த ஆர்டரில்தான் அவர் வீட்டு அடுப்பு எரிந்தது.

எங்கள் தொழிலில் பிளாஸ்டர் அச்சை இரவல் கொடுப்போம். அது தேய்கிற சாமான். அந்த அச்சுகளையே உண்டாக்கும் தாய் அச்சை மட்டும் யாருக்கும் தரமாட்டோம். அக்கா தந்தார். கேட்டவள் அக்காவைப் போலவே பொம்மை செய்யும் பிரின்சி. அடுத்த மாதம் கோயிலில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கப்போகும் அவள் மகளை ஞானஸ்நானத்தில் ஏந்திய ஞானத்தாய் அக்காதான்.

"என் அச்செல்லாம் ஊறிப்போச்சுக்கா. கோயில் குடிலுக்கு ஒண்ணே ஒண்ணு பண்ணிட்டுக் கொண்டாந்துடறேன்."

சொன்னபடி திருப்பியும் தந்தாள், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு.

இந்த வருஷம் ஆர்டர் வரவில்லை. அக்கா பஸ் ஏறிப் போய்ப் பார்த்தார். கடை முழுக்க அவர் மாதா. தாய் அச்சில் இருந்த கீறலால் பாதத்தில் ஒரு கோடு விழும். அக்கா அதை ஈரப் பஞ்சால் தேய்த்து எடுப்பார். அங்கே எல்லாச் சிலையிலும் கோடு இருந்தது; திருப்பித் தருமுன் பிரின்சி அதிலிருந்து தனக்கும் அச்சுகள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். திருடியவளுக்குத் துடைக்கக்கூடப் பொறுமையில்லை!

நான் களிமண் கையோடு எழுந்தேன். "வாக்கா, அவ வூட்டு வாசல்லயே நின்னு கேட்டுடலாம்."

அக்கா கைப்பேசியைத் துழாவினார். "துரோகம் பண்றதுக்கு இங்கிலீஷ்ல பிட்ரே. பழைய பிரெஞ்சுலேர்ந்து வந்தது. அதுக்கும் மூலம் லத்தீனு, திராதெரே. என்ன அர்த்தம் தெரியுமா கமலம்? கையில எடுத்துக் குடுக்கிறது. பாரம்பரியம்னு சொல்ற டிரெடிஷனும் அங்கேர்ந்துதான்."

"இப்ப இதுவாக்கா முக்கியம்?"

"எடுத்துக் குடுத்தவ நாந்தானேடி."

மறுவாரமே பிரின்சி சிரித்துக்கொண்டு வந்தாள், மறுபடியும் பழத்தோடு. "கடைல மாதாவுக்குப் பக்கத்துல வைக்க சூசையப்பரும் கேக்கிறாங்கக்கா. அந்தத் தாய் அச்சு..."

அக்கா சூசையப்பர் அச்சை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "தரமாட்டேன், போ."

பிரின்சி பழத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்குக் கை தட்டலாம் போலிருந்தது. அக்கா அழுதுகொண்டிருந்தார்.

"பாப்பாவுக்குப் புதுநன்மைக் கவுன் தைச்சு வச்சிருக்கேன் கமலம். அதை இனிமே யார் கையில குடுக்கிறது?"