கட்சி மாறாமல் கருத்து மாறியவர்கள்

கவரைப்பேட்டைக்கு மேற்கே எங்கள் ஊரில் விளைநிலம் பறிபோன கதையை இன்று ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். அதற்காகக் கூடிய ஊரவைக் கூட்டங்கள் இரண்டிலும் இருந்தவன் என்னும் முறையில், கண்டதைக் கண்டவாறு எழுதிவைப்பது என் கடன்.

தொழிற்பேட்டையை விரிவாக்க, உடையவர் இசைவின்றியே நிலத்தைக் கையகப்படுத்தும் அதிகாரம் அரசுக்கு இருக்கலாமா? இதுவே வழக்கு. மறைந்த என் தம்பியின் மனைவிக்கு இருந்த ஒரே நெல்வயலும் அவ்வெல்லைக்குள் அகப்பட்டது.

முதல் அறிவிப்பு வந்ததும் ஊரவை கூடியது. எதிர்க்கட்சிக் கிளைச் செயலாளர் வயல் மண்ணை நெற்றியில் பூசிக்கொண்டு, "என் பொணத்து மேலதான் கல்லு நடணும்!" என்று முழங்கினார்.

"கவர்மெண்டுன்னா எடுக்கத்தான் செய்யும். ஊருக்கு வேலை வேணுமா வேணாவா நைனா?" என்றார் ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளர்.

கைகள் கட்சிவாரியாக உயர்ந்தன. எதிர்ப்புத் தீர்மானம் தோற்றது.

அளவைப்பணி தொடங்குமுன் தேர்தல் வந்து ஆட்சி மாறியது. புதிய அரசும் அதே அறிவிப்பை, ஓரெழுத்தும் மாறாமல், விடுத்தது. மண் பூசியவர் இனி ஆளுங்கட்சிக்காரர்; வயல் தப்பியது என்று நம்பி மீண்டும் ஊரவைக்குச் சென்றேன். அவரோ, "வளர்ச்சின்னா கொஞ்சம் வுட்டுக் குடுக்கணும்" என்றார். முன்பு ஆளுங்கட்சியாய் இருந்த மற்றவர், முதற்கூட்டத்தில் இவர் கட்டி, பின் பந்தற்காரரிடம் கிடந்த எதிர்ப்புப் பதாகையையே வாங்கி, அதிலிருந்த கட்சிக்கொடியின் மேல் மட்டும் தம் கொடியை ஒட்டிக் கொண்டுவந்திருந்தார்.

"இன்னாபா, போன தபா பொணமானியே, இன்னும் எடுக்கலையா?" என்று அவர் கேட்க, கூட்டம் சிரித்தது. சிரித்தவர்களே கட்சி பார்த்துக் கை தூக்கினர். ஆட்சி எப்பக்கமோ, மிகுதியான கைகளும் அப்பக்கமே; எதிர்ப்புத் தீர்மானம் மறுபடியும் தோற்றது.

பொறாமல் எழுந்தேன். "வயலும் அதே, அதிகாரமும் அதே. உங்கள் கருத்து மட்டும் ஏன் மாறியது?"

இருவரும் ஒருசேரக் கேட்டனர்: "வாத்தியாரே, நீங்க இப்ப எந்தக் கட்சி?"

இரு கூட்டங்களிலும் அவர்கள் ஒன்றுபட்டது அவ்வொரு நொடிதான்.

வரப்பில் அளவைக்கல் நட்ட அன்று தம்பி மனைவி அழவில்லை. "ரெண்டு பேரும் ஒரே தபா எலெக்சன்ல தோத்திருந்தாதான் மாமா என் கயினி தப்பிச்சிருக்கும்" என்றார்.

முதுமையால் பேச்சின் வரிசையில் நான் பிறழ்ந்திருக்கலாம். உடனிருந்தோர் பிழை கண்டால் திருத்தியருள்க. எது எவர் ஆட்சியில் நடந்தது என்று முதலில் கேளாமல் திருத்துக.