‘உன்ரை’ என்று நான் கத்திய பந்து

அமலனின் முழங்காலை முறித்தவன் நான்தான். இதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்ல முடிகிறது. உங்களுக்கு அவனைத் தெரியாது, அதனால்தான்.

ரெனிஸ் இரட்டையர் ஆட்டத்தில் அவன் என் சோடி. யாழ்ப்பாணத்தில் அவன் குருநகர், நான் உடுவில். பந்து இருவருக்கும் நடுவே வந்தால் நாங்கள் ஆங்கிலத்தில் கத்த மாட்டோம். என்னுடையது, உன்னுடையது என்பதை எங்கள் ஊர்ப் பேச்சில் ‘என்ரை’, ‘உன்ரை’ என்றுதான் கத்துவோம். தமிழ் தெரியாத எதிராளிகளுக்கு விளங்காது, அதில் எங்களுக்கொரு திமிர். ஒருவன் கத்திவிட்டால் மற்றவன் யோசிக்காமல் ஓட வேண்டும். அமலன் ஒருநாளும் யோசித்ததில்லை.

அன்று கொழும்பில் அரையிறுதி. வென்றால் இருவருக்கும் வெளிநாட்டுத் தொடர்களில் ஆடும் வாய்ப்பு. கடைசிக் கட்டத்தில் எதிராளி உயரத் தூக்கிப்போட்ட பந்து என் தலைக்கு நேரே இறங்கியது. என் பந்து... அதில் ஐயமே இல்லை. ஆனால் சற்று முன்தான் அப்படியொரு பந்தை வலையில் அடித்திருந்தேன். இதையும் விட்டால் என்னால்தான் தோற்றோம் என்பார்களே... ‘உன்ரை’ என்று கத்தினேன்.

அவன் ஓடினான். மறுபக்கத்திலிருந்து, பின்னோக்கி, என்னை நம்பி. பந்தைத் தொட்டும் விட்டான். பிறகு விழுந்தான்.

அந்தக் கால் பழையபடி வரவேயில்லை. நான் வேறொரு சோடியைத் தேடிக்கொண்டேன். ஆட்டமே தொழிலானது, நாடு நாடாகப் போனேன். அவனைப் பற்றிக் கேட்டவர்களிடம் ‘விதி’ என்றேன். விதியா கத்தியது? கோழையே, நீயல்லவா கத்தினாய்...

சென்ற மாதம் வட்டுக்கோட்டையில் ஊர்ப் பிள்ளைகளுக்கு அவன் ரெனிஸ் பழக்கும் மைதானத்துக்குப் போனேன். சொல்லிவிடத்தான் போனேன், நம்புங்கள். அவன் முந்திக்கொண்டான்.

“மச்சான், கனநாளா உன்னட்டைக் கேக்கோணும் எண்டு இருந்தனான். அண்டைக்கு நான் பிந்தீட்டன், என்ன? என்னாலைதானே உனக்கும் அந்த மட்ச் போனது. அந்தப் பந்து என்ரைதானே?”

வாயைத் திறந்தேன். எத்தனை ஆண்டுகளாக ஒத்திகை பார்த்த சொற்கள்... வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: அவன் என்னை வெறுத்துவிடுவான் என்று பயந்தேன். அன்று பந்துக்குப் பயந்ததைப் போலவே.

“ஓம் மச்சான்,” என்றேன். “உன்ரைதான்.”

“மன்னிச்சுக்கொள்ளடா” என்று என் தோளில் தட்டிவிட்டு, காலை இழுத்தபடி பந்து பொறுக்கப் போனான். அப்போதும் அவன் யோசிக்கவில்லை.