எட்டு நாட்டுச் சம்மதம்

யோகராணிக்கு ஐரோப்பாவின் லீவு நாட்கள் எல்லாம் மனப்பாடம். ஜூன் இருபத்துமூன்றும் இருபத்துநான்கும் எஸ்தோனியாவில் யாரும் மின்னஞ்சலைத் திறக்க மாட்டார்கள். ஜூன் பத்தில் போர்த்துக்கல்லுக்குக் கடிதம் எழுதுவது வீண் வேலை. ஒக்டோபர் கடைசியில் ஐரோப்பா மணிக்கூட்டைத் திருப்பிவிடும், கனடா ஒரு கிழமை பொறுத்துத்தான் திருப்பும். அந்த ஒரு கிழமையில் மட்டும் பிரஸ்ஸல்ஸுக்கும் மொன்றியலுக்கும் இடையிலுள்ள ஆறு மணித்தியாலம் ஐந்தாகிவிடும். அதை மறந்து கூட்டத்துக்குப் பிந்தி வருபவர்கள் யார் யார் என்பதுகூட அவளுக்குத் தெரியும்.

இவ்வளவும் தெரிந்தவள் ஐரோப்பாவைக் கண்ணால் கண்டதில்லை. இருபத்தாறு வருடத்துக்கு முன் கொழும்பிலிருந்து வரும் வழியில் லண்டன் விமான நிலையத்துக் கதிரையொன்றில் நான்கு மணித்தியாலம் குந்தியிருந்ததை அவள் கணக்கில் எடுப்பதில்லை.

மொன்றியல் டவுன்டவுனில் ஒன்பதாம் மாடியில் அவளுடைய மேசை. எட்டு ஐரோப்பிய நாடுகளும் கியூபெக்கும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்திருக்கின்றன. வயதானவர்களுக்கு ஏன் காது கேட்காமல் போகிறது என்று ஆராய்கிறவர்களுக்குப் பணம் கொடுத்து உதவுவதுதான் அதன் வேலை. ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனிச் சட்டம், தனித்தனிப் படிவம், தனித்தனி வீம்பு. ஆனால் விண்ணப்பம் கேட்கும் அறிவிப்பு மட்டும் ஒரே நாளில், ஒரே மணிக்கு, ஒரே வாசகத்தில் வெளிவர வேண்டும். ஒன்பது வீட்டார் சேர்ந்து ஒரு கலியாணம் செய்வது மாதிரி. செயலகத்தை யார் நடத்துவது என்று எட்டு நாடுகளும் ஒன்றரை வருடம் இழுபறிப்பட்டு, கடைசியில் யாருக்கும் சொந்தமில்லாத கியூபெக்கின் தலையில் கட்டிவிட்டன. கியூபெக் அதை றொக்சன் என்ற அதிகாரியின் தலையில் கட்டியது. றொக்சன் யோகராணியின் தலையில் கட்டினாள். அதற்குப் பிறகு கட்டுவதற்குத் தலை இல்லை.

பதினொரு வருடமாக விடிய ஏழு மணிக்கெல்லாம் யோகராணி அங்கே இருப்பாள். மொன்றியலில் ஆள் எழும்பும் நேரம் ஐரோப்பாவில் மத்தியானச் சாப்பாடு முடிந்திருக்கும். முதல் வருடத்தில் ஒருநாள் திரைக்கூட்டத்தில் மைக்கை மூட மறந்துவிட்டாள். மற்றவர்கள் பேசப் பேச, தன்பாட்டில் "ஓம்… ஓம்…" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். றொக்சன் அவளை எல்லோருக்கும் "யோகா" என்றுதான் அறிமுகப்படுத்தியிருந்தாள். பெயர் யோகா, வாயைத் திறந்தால் ஓம். ஜெர்மன்காரர் மிகுந்த மரியாதையோடு, தியானம் முடியும்வரை காத்திருக்க வேண்டுமா என்று கேட்டார்.

அன்றைக்குத்தான் அவளுக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. யாழ்ப்பாணத்து "ஓம் ஓம்" என்றால் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். ஒற்றை "ஓம்" என்றால்தான் சம்மதம். அப்படியென்றால் மற்ற நாட்டுக்காரர் எப்படிச் சம்மதிக்கிறார்கள்? ஒரு கொப்பி வாங்கி எழுதத் தொடங்கினாள். பின்லாந்துப் பெண் ஒன்றும் பேசாவிட்டால் அவருக்குச் சம்மதம், பேசினால்தான் வில்லங்கம். ஜெர்மன்காரர் கடைசி நிமிடம்வரை குறை பிடிப்பார், பிடித்து முடிந்ததும் மலை மாதிரி நிற்பார். இத்தாலிக்காரர் "பிரச்சினையே இல்லை" என்றால் அன்றைக்கே ஃபோன் எடுத்துப் பிரச்சினை என்னவென்று கேட்டுவிட வேண்டும். றொக்சனுக்கு அந்தக் கொப்பி பகிடி. யோகராணிக்கு அது வேதம்.

பகிடி இல்லாத பக்கமும் ஒன்று அதில் இருந்தது. நான்கு வருடத்துக்கு முன் ஒரு நாடு அறிவிப்பில் பெயர் கொடுத்துவிட்டுப் பிறகு விலகியது. நாலு நாட்டு ஆராய்ச்சியாளர் சேர்ந்த குழுவில் ஒரு நாடு கழன்றால் முழுக் குழுவின் விண்ணப்பமும் கழன்றுவிடும், அதுதான் விதி. பத்து மாதம் உழைத்த குழுக்களுக்கு "வருந்துகிறோம்" என்று எழுதியவள் யோகராணி. ஒரு பேராசிரியை திருப்பி எழுதினார்: "நாங்கள் என்ன பிழை விட்டோம் என்று மட்டும் சொல்லுங்கள்." ஒரு பிழையும் இல்லை. அதை எழுதும்போது அவள் அழுதாள்.

இந்த வருடம் நிலைமை வேறு. அறிவிப்பு நவம்பர் நடுவில், ஒரு வியாழக்கிழமை வெளிவருவதாக ஏற்பாடு. அது ஒழுங்காக வெளிவந்து விண்ணப்பங்கள் சேர்ந்தால், ஜனவரியில் பிரஸ்ஸல்ஸில் எல்லோரும் நேரில் கூடுவார்கள். "இந்த முறை நீயும் வாறாய்," என்று றொக்சன் சொல்லிவிட்டாள். யோகராணிக்கு இரண்டு நாள் நித்திரை இல்லை. கோட்டைகளையும் தேவாலயங்களையும் பார்க்கும் ஆசை அல்ல அது. திரையில் தோளுக்கு மேலே மட்டும் கண்ட அந்த எட்டுப் பேரும் நேரில் எப்படி இருப்பார்கள், சம்மதிக்கும்போது அவர்களுடைய கைகள் என்ன செய்யும்? அதைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு அடங்காத ஆசை.

வியாழனுக்கு முந்திய செவ்வாய்க்கிழமை காலை, மொன்றியலின் அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பகுதியில் அவளுடைய வீட்டுக் குசினியில், பல்கனிக் கதவுக்குக் கீழால் குளிர்காற்று வந்துகொண்டிருந்தது. கதவடியில் ரப்பர் கிழிந்து எட்டு மாதம். கணவர் தியாகராசா பஸ் கராஜில் மெக்கானிக். ஊர் பஸ்ஸெல்லாம் திருத்துவார்.

"இஞ்சாருங்கோ, இந்தக் கதவை எப்பதான் செய்யப் போறியள்?"

"பேந்து பாப்பமப்பா."

"மார்ச்சிலயும் பேந்துதான். இப்ப நவம்பர். உங்கட பேந்து எப்ப வரும்?"

தியாகராசா தேத்தண்ணியை ஊதினார். "பேந்து எண்டால் பேந்துதான். சரிவந்தால் செய்யிறது, வராட்டி விடுறது. அதுக்கேன் காலங்காத்தால கத்துறாய்?"

யோகராணி பாணுக்கு மாஜரின் பூசிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். கோபத்தில் அல்ல. "பேந்து" என்பதை அவர் இழுத்த இழுவையை எங்கேயோ கேட்டிருக்கிறாள், அதுவும் தமிழில் அல்ல.

மெட்ரோவில் ஏறி இரண்டு ஸ்டேஷன் தாண்டியதும் பிடிபட்டது. யோசெப்பின்! பெல்ஜியத்தின் பிரெஞ்சு பேசும் பகுதியிலிருந்து வருகிற பிரதிநிதி. செப்டெம்பர்க் கூட்டம் முடிந்தபின் அவரும் யோகராணியும் பிரெஞ்சில் கொஞ்சம் கதைத்தார்கள். இந்த வருடம் நீங்கள் சேருகிறீர்கள்தானே என்று கேட்டதற்கு யோசெப்பின், "எவாந்துவெல்மான்…" என்று இழுத்தார். அப்படியே தியாகராசாவின் இழுவை.

யோகராணி பிரெஞ்சு படித்தது மொன்றியலில். பகலில் தையல் ஃபக்டரி, பின்னேரம் குடிவந்தவர்களுக்கான வகுப்பு. பக்கத்து மெஷின்காரி, தெருமூலை டெப்பனர் கடைக்காரன், பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொண்ட கார்டெரி டீச்சர் எல்லோருடைய வாயிலும் எவாந்துவெல்மான் என்றால் "கொஞ்சம் பிந்தினாலும் கடைசியில் நடக்கும்" என்றே அவள் கேட்டிருக்கிறாள். இங்கிலிஷ் "இவென்சுவலி" மாதிரியே. அந்த நம்பிக்கையில் கூட்டக் குறிப்பில் இங்கிலிஷில் எழுதிவிட்டாள்: பெல்ஜியம் இவென்சுவலி சேரும்.

ஃபோனில் அகராதியைத் திறந்தாள். பிரான்ஸில் செய்த அகராதி. எவாந்துவெல்மான்: நடக்கலாம், நடக்காமலும் போகலாம்.

பயந்துபோய், தான் எழுதிய குறிப்பைத் தேடி எடுத்தாள். கூடவே, வெட்கத்தைவிட்டுச் சொன்னால், ஒரு சந்தோஷமும் வந்தது. மொன்றியல் காதால் கேட்டதால்தான் பிழை வந்தது. யாழ்ப்பாணத்துக் காதால் கேட்டிருந்தால் "பேந்து பாப்பம்" என்று சரியாக விளங்கியிருக்கும்!

றொக்சன் கோட்டைக் கழற்றுமுன்னே யோகராணி விஷயத்தைச் சொன்னாள். றொக்சன் கியூபெக்கின் வடக்கே சகெனே ஆற்றங்கரையில் பிறந்தவள்.

"எவாந்துவெல்மான் என்றால் நிச்சயம் நடக்கும். நான் பிறந்ததிலிருந்து அப்படித்தான்."

"நீ பிறந்த இடத்தில. அவ பிறந்த இடத்தில இல்லை."

"குறிப்பு எல்லோருக்கும் போனது. பத்து நாள் கொடுத்தோம். யோசெப்பின் ஒரு வார்த்தை எழுதவில்லை. பேசாமலிருந்தால் சம்மதம் என்பது நம்முடைய விதி."

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று தமிழிலும் இருக்கிறது. பெண் பார்க்கப் போன இடத்தில் அந்தப் பழமொழியை நம்பிக் கெட்டவர்களின் பட்டியல் யோகராணியிடம் நீளமாகவே இருந்தது. "நான் அவவைக் கேக்கப் போறன்," என்றாள்.

றொக்சன் கதிரையில் இருந்தாள். "கேட்டு அவள் இல்லை என்றால் வியாழக்கிழமை போச்சு. விண்ணப்பம் இல்லையென்றால் ஜனவரிக் கூட்டமும் இல்லை. பிரஸ்ஸல்ஸ் போச்சு. தெரியும்தானே உனக்கு?"

"தெரியும்."

உண்மையில், மெட்ரோவிலிருந்து ஒன்பதாம் மாடிவரை அவள் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தாள். கேட்காமல் விட்டால் யார் கண்டார்? பெல்ஜியம் சேர்ந்தாலும் சேரலாம். சேராவிட்டால் அது தெரியவரும்போது ஜனவரி கழிந்திருக்கும், அவள் போய்ப் பார்த்துவிட்டும் வந்திருப்பாள். அந்தப் பேராசிரியையின் ஒரு வரிக் கடிதம் மட்டும் கொப்பிக்குள் மடித்தபடி கிடந்தது. யோகராணி ஃபோனை எடுத்தாள்.

"பொன்ஜூர் மேடம் யோசெப்பின். ஒரு சொல்லைப் பற்றிக் கேட்க வேண்டும்."

கேட்டாள். பெல்ஜியம் சேருவது நிச்சயம்தானா? யோசெப்பின் நிதானமாகச் சொன்னார்: "இல்லை, மேடம். எங்கள் சபை இன்னும் முடிவெடுக்கவில்லை. டிசம்பரில்தான் கூடுகிறார்கள். அதனால்தான் அன்றைக்கு எவாந்துவெல்மான் என்றேன்."

"அப்ப குறிப்பைப் பார்த்தபோது நீங்கள் ஏன் ஒன்றும் சொல்லவில்லை?"

"பார்த்தேனே. 'இவென்சுவலி' என்று போட்டிருந்தீர்கள். நான் சொன்ன சொல்லை அப்படியே இங்கிலிஷில் எழுதியிருக்கிறீர்கள், எவ்வளவு கவனமான ஆள் என்று நினைத்தேன்."

யோகராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. அவள் பிழையாக எழுதினாள், யோசெப்பின் பிழையாக வாசித்தார், இரண்டு பிழையும் சேர்ந்து யோசெப்பினுக்குச் சரியாகிவிட்டது. அதே சொல்லை மற்ற ஏழு நாடும் "கட்டாயம் சேரும்" என்று வாசித்துத் தலையாட்டிவிட்டன. எட்டு நாடும் ஒரே தாளுக்குச் சம்மதம், ஒரே விஷயத்துக்கு அல்ல. காது கேளாமையை ஆராயும் கூட்டமைப்பு! யோசெப்பினும் சிரித்தார். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் சிரிப்பை நிறுத்தினார்கள், ஏனென்றால் வியாழக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

அன்று மத்தியானமே அறிவிப்பை நிறுத்தி எல்லோருக்கும் கடிதம் போனது. "பிழை செயலகத்துடையது" என்ற வரியை றொக்சன் வெட்டச் சொன்னாள். யோகராணி வெட்டவில்லை. ஜெர்மன்காரர் மூன்று பக்கத்துக்குக் குறை பிடித்தார். பின்லாந்து பேசாமலிருந்தது. இத்தாலி பிரச்சினையே இல்லை என்றது, யோகராணி உடனே அங்கே ஃபோன் எடுத்தாள். ஜனவரிக் கூட்டம் ரத்து.

தோழியிடம் இரவல் வாங்கியிருந்த சூட்கேஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த பின்னேரம் அவள் கோட்டைக் கழற்றாமலே குசினிக் கதிரையில் குந்திவிட்டாள். தியாகராசா இரண்டு தரம் தேத்தண்ணி வேணுமோ என்று கேட்டார். மூன்றாம் தரம் கேட்கவில்லை. ரப்பரையும் ஆணியையும் எடுத்துக்கொண்டு போய்ப் பல்கனிக் கதவடியில் குந்தினார்.

டிசம்பர் நடுவில் பெல்ஜியத்தின் சபை கூடி, சேருவதாக முடிவெடுத்தது. அறிவிப்பு ஜனவரியில் ஒன்பது பெயரோடும் வெளிவந்தது. அந்த வாரம் யோசெப்பினிடமிருந்து தனியாக ஒரு மின்னஞ்சல் வந்தது. விண்ணப்பங்களைப் பார்க்கும் கூட்டத்தைத் தாங்கள் நடத்துவதாகவும், செயலகத்தில் அழைக்கும் முதல் ஆள் யோகராணி என்றும் எழுதி, "நீங்கள் எவாந்துவெல்மான் பிரஸ்ஸல்ஸுக்கு வருவீர்கள்" என்று முடித்திருந்தார்.

யோகராணி அதை மூன்று தரம் வாசித்தாள். ஒரு முறை சூடு கண்டவள் அல்லவா? திருப்பி ஒரு வரி எழுதினாள்: "மேடம், இது உங்கள் ஊர் எவாந்துவெல்மானா, எங்கள் ஊருடையதா?"

நாலு நிமிடத்தில் பதில் வந்தது. "மொன்றியலுடையது. மே பன்னிரண்டு."

அன்று பின்னேரம் குசினியில் சொன்னபோது தியாகராசா கதவடியைக் காலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். காற்று வரவில்லை.

"மெய்யாப் போறியோ?" என்றார்.

"ஓம்," என்றாள் யோகராணி. ஒரே ஒரு தரம்.