வர்ணம் ஏறாத பிள்ளை

பேய் நடுச்சாமத்தில்தான் வரும் என்று நினைப்பவர்கள் இதைக் கேளுங்கள். 1911 ஆடி மாதம், இலங்கையில் யட்டியாந்தோட்டைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில், பட்டப்பகலில் நடந்தது. கட்டிவிட்ட கதையல்ல.

ரப்பர் மரத்தில் பால் வெட்டும் இருளாயியின் ஏழு வயது மகள் புஷ்பத்தை, தன் மகளுக்கு விளையாட்டுத் துணையாகப் பிரான்சுக்குக் கூட்டிப் போனாள் தோட்டத்துத் துரையின் மனைவி, துரைசானி. ஆறே மாதத்தில் திருப்பி அனுப்புவதாகச் சொன்னாள். எட்டு மாதமாயிற்று, பிள்ளை வரவில்லை. தபாலில் ஒரு படப் புத்தகம்தான் வந்தது. பங்களாச் சமையல்காரர் வேலுசாமி அதைக் கூலிகள் குடியிருக்கும் லயத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.

"புஷ்பம் சொகமா இருக்காளாம். துரைசானி எழுதியிருக்காங்கன்னு தொரை சொன்னாரு."

கடைசிப் படத்தில், குளக்கரையில் வெள்ளைக்காரப் பிள்ளைகள். எல்லாருக்கும் பளிச்சென்று வர்ணம். ஓரத்தில் முதுகைக் காட்டி நின்ற ஒருத்தி மட்டும் வெறும் கறுப்புக் கோடு.

"அட்டையில ஓட்டை வெட்டி, அது வழியா பிரஷால வர்ணம் தடவுவாங்களாம். இவள விட்டுட்டாங்க போல" என்றார் வேலுசாமி.

மறுநாள், பிற்பகல் 3.40. வேலை முடிந்து வந்த இருளாயி புத்தகத்தைத் திறந்தாள். அந்தப் பிள்ளையின் பாதங்கள் மண்ணிறமாகியிருந்தன.

அடுத்த நாள், அதே 3.40. பாவாடை பச்சை. புஷ்பத்துக்கு அவள் கடைசியாகத் தைத்துக் கொடுத்த அதே பச்சை. தொட்டாள்... ஈரம். விரலை நாக்கில் வைத்தாள். உப்புக் கரித்தது.

மூன்றாம் நாள். அடைமழை. புருஷன் மூக்கையா வாசலில் நின்றான்.

"ஏங்க, இங்க வந்து பாருங்களேன்."

அவன் அசையவில்லை.

சர்... சர்... பிரஷ் தேய்க்கும் சத்தம். அவர்கள் குடியிருந்த காம்பராவுக்குள்தான் கேட்டது.

படத்துப் பிள்ளை திரும்பியிருந்தாள்.

முகத்தில் வர்ணம் ஏறியது...

புஷ்பம்.

தாயைப் பார்க்கவில்லை. தாய்க்குப் பின்னால், வாசலைப் பார்த்தாள்.

"மூடு அத!" மூக்கையா அலறினான்.

"எம் புள்ள எங்கய்யா?"

அவன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

பிறகு தெரிந்ததைச் சொல்கிறேன். புத்தகத்தில் அச்சான வருஷம் 1897 என்று போட்டிருந்தது. புஷ்பம் பிறப்பதற்கு ஆறு வருஷம் முன்பு.

கப்பலேறிய ஒன்பதாம் நாளே பிள்ளை காய்ச்சலில் செத்துவிட்டது. கடலில் இறக்கிவிட்டார்கள். தந்தி வந்த அன்றே துரை மூக்கையாவைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். லயமே திரண்டுவிடும், வாயைத் திறக்காதே என்றும் சொல்லியிருக்கிறார். மறுநாளே அவனுக்குக் கங்காணி வேலை கிடைத்தது.

இத்தனை மாதமும் அவள் போட்ட சோற்றைத் தின்றுகொண்டு, "அழாத, வந்துருவா புள்ள" என்று தேற்றிக்கொண்டிருந்தான், படுபாவி.