கலர் பிடிக்காத இடம்

நம்பாதவர்கள் அந்த ஐந்து தாள்களையும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். குத்துக்கல்வலசையில், அகிலாண்டேஸ்வரி வீட்டு பீரோவுக்கு மேலே இருக்கின்றன. போன ஏப்ரலில் நடந்தது இது. அதுவும் பட்டப்பகலில்.

அகிலா வெளியூர் ஓவியக் கல்லூரியில் இரண்டாம் வருடம். அசைன்மென்ட் இதுதான்: ஒரே இடம், ஒரே நேரம், ஐந்து நாள், ஐந்து வாட்டர்கலர். அப்பா இறந்ததைச் சொல்லி ஏற்கெனவே ஒரு தவணை வாங்கியாகிவிட்டது. "ஒரு கறை இருந்தாலும் வாங்க மாட்டேன்" என்று சார் கறாராகச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை கொடுக்காவிட்டால் ஒரு வருடம் போச்சு.

அவளுக்கு அதுகூட உறைக்கவில்லை. கார்த்திகையில் அப்பா போனதிலிருந்து அப்படித்தான். அழுகை வரவில்லை. பசி தெரியவில்லை. கை மட்டும் அதுபாட்டுக்கு வரைந்துகொண்டிருந்தது.

அப்பா மகாராஜா, ஐந்தருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். கட்டைவிரலால் பிடரியில் ஒரு அழுத்து அழுத்தினால் எப்பேர்ப்பட்ட ஆளுக்கும் கண் சொக்கிப்போகும். அந்தக் கையோடு படத்துக்குப் பக்கத்தில் வந்தால் அகிலா கத்துவாள்.

"தொடாதீங்கப்பா! எண்ணெ பட்டா கலர் பிடிக்காது."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார். ஒருநாளும் தொட்டதில்லை.

திங்கள். ஐந்தருவி. மதியம் 12.10.

சீசன் இல்லை. பாறையில் ஈரம் மட்டும் கசிந்தது. புதுப் பேப்பர் கட்டைப் பிரித்து ஒரு தாள் எடுத்தாள். நீலமும் பழுப்பும் கலந்து பாறைக்கு ஒரு இழுப்பு இழுத்தாள். தாளின் ஓரத்தில் கலர் பிடிக்கவில்லை. முத்து முத்தாக உருண்டு விலகியது. நான்கு இடத்தில்.

தன் கைதான் பிசுக்கு என்று நினைத்து சோப்புப் போட்டுக் கழுவினாள்.

செவ்வாய். 12.10. வேறு தாள். அதே ஓரம். நான்கு இடம்.

புதன்கிழமை பிரஷ்ஷை மாற்றினாள். தண்ணீரை மாற்றினாள். அதே நான்கு. இந்தத் தடவை மூலிகை எண்ணெய் வாசனையும் வந்தது.

திறந்திருந்த ஒரே டீக்கடையில் கேட்டாள்.

"அண்ணாச்சி, இங்கன யாரும் எண்ணெ தேய்க்காங்களா?"

"சீசன் இல்லாம யாரு வாரா? கொரங்குதான் வருது. வேணும்னா அதுக்குத் தேச்சுவிடு."

வியாழன். அந்த நான்கு இடத்திலும் தன் விரல்களை வைத்துப் பார்த்தாள். பொருந்தின. யாரோ தாளின் மேல் கையை வைத்த தடம். ஆனால் கட்டைவிரல் இல்லை.

அப்பாவாக இருக்குமோ? ஒரு நொடி தோன்றியது. சேச்சே... அப்பா கை என்றால் கட்டைவிரல்தானே முதலில் பதியும். அந்த நினைப்பை விட்டுவிட்டாள். அவளுக்குப் பயம்கூட வரவில்லை.

வெள்ளி. 12.10.

தாளைப் பாறையில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றாள். பிரஷ்ஷை எடுக்கவில்லை.

காற்று இல்லை.

12.14.

சொத்...

தாளின் அதே ஓரத்தில் ஒரு பொட்டு எண்ணெய்.

சொத்... இரண்டு.

மூன்று.

நான்கு...

அவ்வளவுதான்.

சாயங்காலம் ஐந்து தாளையும் அம்மா ஆனந்தவள்ளி முன்னால் விரித்தாள்.

"இத எப்படிம்மா கொடுப்பேன்? யாரோ தொட்டுத் தொட்டு வைக்காங்க. நாலு வெரல் இருக்கு. கட்டவெரலக் காணும்."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏட்டி... ஒனக்குப் பரீட்சைனு அப்பம் சொல்லல. சுகர்ல புண்ணு வச்சு, அப்பாக்கு வலது கை கட்டவெரல ஆஸ்பத்திரில எடுத்துட்டாங்க. செத்தவங்களுக்கு ரெண்டு கட்டவெரலயும் சேத்துக் கைக்கட்டு போடணும்லா? கட்டுததுக்கு வெரல் இல்லட்டி. நீ வாரதுக்குள்ள வேட்டியப் போட்டு மூடிட்டோம்."

அகிலா குனிந்தாள். அந்த நான்கு தடத்துக்குப் பக்கத்தில், வெறுமையாகக் கிடந்த இடத்தில், தன் கட்டைவிரலை வைத்தாள். அன்றுதான் அவளுக்கு அழுகை வந்தது.

சனிக்கிழமை அவள் கல்லூரிக்குப் போகவில்லை. ஒரு வருடம் போனது. அந்தத் தாள்களை யாருக்கும் கொடுக்கவும் இல்லை.

போன வாரம் நானும் போய்த் தொட்டுப் பார்த்தேன். அந்த எண்ணெய் இன்னும் காயவில்லை.